கவுனரம்மாவும் மூணு சுழியும்

பொன்னுத்தங்கத்துக்குக் கவுனரம்மா என்று பட்டம் கட்டியது யார் என்று கேட்டால், லட்சுமிகாந்தம் காலனியில் வீட்டுக்கு ஒருத்தர் "நான்தான்" என்பார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால்தான் சொன்னார்கள். முகத்துக்கு நேரே சொன்னாலும் அவள் கோபப்படவில்லை என்று தெரிந்ததும் பட்டம் நிலைத்துவிட்டது. உள்ளுக்குள் அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. மெட்ராசில் ஒரு கவர்னர் என்றால் சிவகாசிப் பக்கத்துக் கரிசல்காட்டில் நான் ஒருத்தி என்கிற தோரணையில்தான் கைவீசி நடப்பாள். அந்தப் பெருமைக்கு எப்படி ஆப்பு வைத்தார்கள் என்பதைச் சொன்னால் உங்களுக்கும் ஆத்திரம் வரும். வரட்டும்.

காலனி பிறந்த கதை சின்னதுதான். ஐம்பதுகளின் தொடக்கத்தில் பட்டாசுக் கம்பெனி முதலாளி பத்திரகாளி அண்ணாச்சிக்கு ஆர்டர் குவிந்தது. கல்கத்தாவுக்கு லோடு, பம்பாய்க்கு லோடு. ஏழாயிரம்பண்ணைப் பக்கமிருந்தும் அச்சங்குளத்துப் பக்கமிருந்தும் வருகிற ஆட்களோ, மழை விழுந்தால் விதைப்புக்குப் போய்விடுவார்கள்; பஸ் வராவிட்டால் வீட்டிலேயே இருந்துகொள்வார்கள். ஆட்களைக் கூப்பிடு தூரத்தில் குடிவைத்தால் தேவலை என்று முதலாளிக்குத் தோன்றியது. கம்பெனிக்குத் தெற்கே, டவுனுக்கும் பக்கத்து ஊருக்கும் நடுவில், முள் மண்டிக் கிடந்த தரிசில் இரண்டு வரிசை ஓட்டு வீடு கட்டித் தன் தாயார் பெயரை வைத்தார். அந்தத் தரிசு யார் எல்லைக்குள் வருகிறது என்று அப்போது ஒருத்தரும் கேட்கவில்லை. எல்லைக்கல் எங்கே கிடக்கிறது என்பதே இரண்டு பக்கத்துக்கும் மறந்து போயிருந்தது.

பக்கத்து ஊருக்கு ஒரு பெயர் இருக்கிறது. நான் ஊர் என்றே சொல்லிவிடுகிறேன். அவர்களும் அதைத்தான் விரும்புவார்கள்; உலகத்தில் தாங்கள் மட்டும்தான் ஊர், மற்றதெல்லாம் வெறும் இடம் என்று அவர்களுக்கு நினைப்பு.

வீடுகளுக்கு ஓடு போட்டுக்கொண்டிருந்த அந்த வருஷம்தான் மருந்துக் கலவை அறையில் தீப்பிடித்துப் பொன்னுத்தங்கத்தின் புருஷன் ஆண்டிச்சாமி போய்ச் சேர்ந்தான். துக்கம் கேட்க வந்த பத்திரகாளி, கூடியிருந்த சனம் அத்தனையும் கேட்கச் சொன்னார். "மொத வீடு ஒனக்குத்தான் பொன்னுத்தங்கம். காலனியும் ஒம் பொறுப்பு. அங்கன நீ சொல்லுதபடிதான் நடக்கும். நான் குறுக்க வரமாட்டேன்." பெரிய மனிதர், செத்த வீட்டில் நின்று கொடுத்த வாக்கு. அதை அவள் அப்படியே நம்பிவிட்டாள்.

நம்பினவள் சும்மா இருக்கவில்லை. வீட்டுக்குள் யாரும் வெடிக்கு வைக்கிற கருந்திரி தயாரிக்கக் கூடாது என்றாள். மருந்துக் கலவையில் நிற்கிற ஆள் தொட்டியில் உடம்பைக் கழுவாமல் வாசற்படி ஏறக் கூடாது என்றாள். பீடி வேண்டுமானால் ரோட்டுக்கு அந்தாண்டை போய்க் குடி என்றாள். இரண்டு பெண்கள் சண்டை போட்டால் விசாரணை எல்லாம் கிடையாது. காலனிக்குக் கிணறு வந்தபின் ஒரே கயிற்றில் இருவரையும் தண்ணீர் இறைக்க விடுவாள். ஒருத்தி இழுக்கவேண்டும், மற்றவள் வாளியைப் பிடித்து ஊற்றவேண்டும். பேசாமல் அந்த வேலையைச் செய்ய முடியாது. எல்லா வீட்டுத் தொட்டியும் நிறைவதற்குள் அவர்கள் சிரித்துவிடுவார்கள், அல்லது கை வலித்துச் சமாதானம் ஆகிவிடுவார்கள். விருதுநகர்க் கடைக்காரர்கள் சரக்குக்கு இவ்வளவு என்று மகமைக் காசு எடுத்துப் பொதுக்காரியம் செய்வதைக் கேள்விப்பட்டு, சம்பள நாளன்று வீட்டுக்கு வீடு மகமை எடுத்தாள். பள்ளிக்கூடம் வந்தது, தெருவிளக்கு வந்தது. தீபாவளிச் சீசன் முடிந்தால் காலனியில் கல்யாணச் சத்தம் ஓயாது. பஞ்சம் பிழைக்க வந்த சனம் பசுமாடு வாங்கிக் கட்டியது.

எல்லாவற்றுக்கும் மேலே கிணறு. முதல் இரண்டு வருஷம் குடிதண்ணீருக்கு ஊருக்குத்தான் போகவேண்டியிருந்தது. ஊரின் பெரிய தெரு வழியாகப் போனால்தான் ஊருணி. காலனிச் சனம் அந்தத் தெருவில் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது. தெருமுனையில் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். கேட்டால் கோயில் இருக்கிற தெரு என்பார்கள். அந்தக் கோயில் வாசலிலேயே அவர்கள் வீட்டு ஆட்கள் தோல்செருப்பு சரக்சரக்கென்று நடப்பார்கள், அதற்கெல்லாம் சாமி கோபித்துக்கொள்வதில்லை போலிருக்கிறது. கம்பெனி வாசலிலும் செருப்பைக் கழற்றத்தான் வேண்டும். ஆணி தரையில் உரசினால் தீப்பொறி பறக்கும், மருந்து வெடிக்கும். அது உயிர்க்காரியம், அதில் ஒரு நியாயம் இருக்கிறது. பெரிய தெருவில் எந்த மருந்து வெடிக்கப் போகிறது? காலனியின் நடுத்தர வயசுப் பெண்கள் இடுப்பில் குடமும் கையில் செருப்புமாக வெந்த மண்ணில் நடந்துபோவதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

பொன்னுத்தங்கத்துக்கு அன்றைக்கே எரிந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வரவேண்டும் என்று உத்தரவு போட்டாள். பாறை குறுக்கிட்டபோது வேட்டு வைக்க வெளியூர் ஆளைத் தேடவேண்டியிருக்கவில்லை. மருந்தோடு புழங்குகிற சனம்தானே. சுற்றுவட்டாரத்தில் எங்கே தோண்டினாலும் உப்பும் உவர்ப்பும்தான். இங்கே என்னவோ பாறைக்கு அடியிலிருந்து இளநீர் போலத் தண்ணீர் வந்தது. முதல் வாளியைக் குடித்துப் பார்த்துவிட்டுப் பொன்னுத்தங்கம் கிணற்று மேட்டிலேயே உட்கார்ந்து அழுதாள். புருஷன் செத்ததற்குப் பிறகு அவள் அழுது பார்த்தது அன்றைக்குத்தான் என்று பக்கத்து வீட்டு மாரித்தாய் சொல்வாள். அதன்பின் காலனிப் பெண்கள் பெரிய தெருவில் தண்ணீருக்காகக் கால் வைக்கவில்லை.

காலனிப் பள்ளிக்கூடத்து வாத்தியார் அய்யாதுரை சாயங்காலம் பேப்பர் படித்துச் சொல்வார். புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரன் விட்டுப்போனது, கோவாவுக்குள் பட்டாளம் போனது எல்லாம் அவர் வாயால் கேட்டதுதான். காலனி என்றால் என்ன என்று பொன்னுத்தங்கம் கேட்டபோது, வேறு எங்கேயோ உட்கார்ந்திருக்கிறவன் ஆளுகிற இடம் என்று அவர் சொன்னார்.

"அப்பக் கவுனரு?"

"அவன் அனுப்பி வைக்கிற ஆளு."

அது அவளுக்கு அவ்வளவாக ரசிக்கவில்லை. "கைமாத்தி விடும்போது அங்கன இருக்க சனத்தக் கேப்பாகளா வாத்தியாரய்யா?" என்றாள்.

"புதுச்சேரில கேட்டாங்க. சனங்க தேர்ந்தெடுத்த ஆளுங்களைக் கூட்டி வச்சு ஓட்டு எடுத்தாங்க. கோவால அப்படி ஓட்டு எடுத்ததா நான் படிக்கலை."

"நம்ம காலனி மொதலாளியோடது. அவரு கேப்பாரு" என்றாள் பொன்னுத்தங்கம்.

பஞ்சாயத்து யூனியன்கள் வந்து எல்லை பிரிக்கிற பேச்சு எழுந்ததும்தான் பாருங்கள், இத்தனை காலம் சீந்துவாரற்றுக் கிடந்த தரிசுக்கு இரண்டு பக்கமும் அடிதடி. முள்ளாகக் கிடந்தபோது உன்னுது, பள்ளிக்கூடமும் கிணறும் வந்த பிறகு என்னுது. டவுன் முனிசிபாலிட்டி எங்களுக்கு வேண்டும் என்றது. ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் சுந்தரபாண்டி, நிலபுலன் உள்ளவர், எங்கள் பாட்டன் காலத்திலிருந்தே அது எங்கள் எல்லை என்றார். காலனிக்காரர்கள் யாரோடு சேரப் பிரியப்படுகிறார்கள் என்று கேட்க மட்டும் ஒருத்தர் வாயிலிருந்தும் ஒரு சொல் வரவில்லை. பொன்னுத்தங்கம் காத்திருந்தாள். கேட்பார்கள் என்று நிஜமாகவே காத்திருந்தாள்.

ஒருநாள் வேலைவிட்டு வரும்போது ரோட்டோரத்தில் புதுசாக ஒரு பலகை நட்டிருந்தது. மாரித்தாய்தான் முதலில் பார்த்தாள். காலனிப் பெயரும் அதற்குக் கீழே ஊர்ப் பஞ்சாயத்தின் பெயரும் எழுதியிருந்தது. எந்தப் பக்கம் போகிறோம் என்ற சேதி அவர்களுக்கு வந்தது இப்படித்தான். பலகை நட்டுச் சொன்னார்கள். பொன்னுத்தங்கம் பலகைக்கு அடியில் நிற்கும்போதே அய்யாதுரை வாத்தியார் சைக்கிளை நிறுத்திப் படித்துவிட்டுச் சிரிக்கவும் முடியாமல் சிரிப்பை அடக்கவும் முடியாமல் தவித்தார்.

"என்னய்யா சிரிப்பு?"

"ரெண்டு சுழி ன போட வேண்டிய எடத்துல மூணு சுழி ண போட்டிருக்கான். காலனின்னா நாம குடியிருக்க எடம். காலணின்னா வேற."

"வேறன்னா?"

வாத்தியார் தயங்கினார். "செருப்பு. லட்சுமிகாந்தம் செருப்புன்னு எழுதியிருக்கு."

ஊர்ப் பிள்ளைகளுக்கு விஷயம் எட்டிவிட்டது. மறுநாளே சந்தைக்குப் போன மாரித்தாயைப் பார்த்துச் செருப்பு வருது, செருப்பு வருது என்று கூவினார்கள். அவள் வீட்டுக்கு வந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பொன்னுத்தங்கம் நினைத்துப் பார்த்தாள். எழுதினவன் தெரியாமல் எழுதியிருக்கலாம். ஆனால் நட்டவர்கள், பார்த்தவர்கள், சிரித்தவர்கள் எல்லாரும் தெரிந்துதானே விட்டுவைத்தார்கள்?

பஞ்சாயத்துக் கூட்டத்தன்று மாரித்தாயையும் இன்னும் சில பெண்களையும் கூட்டிக்கொண்டு அவள் ஊருக்குப் போனாள். தெருமுனையில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். பழக்கம்தான், வேறென்ன. கட்டிடத்து வாசலில் அதை விட்டுவிட்டு உள்ளே போனால், சுந்தரபாண்டிக்குப் பக்கத்து நாற்காலியில் பத்திரகாளி முதலாளி உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்ததும் அவளுக்குப் பாதி உயிர் வந்தது.

"வாத்தா பொன்னுத்தங்கம்" என்றார் சுந்தரபாண்டி. "காலனி இப்ப நம்ம பஞ்சாயத்து. டவுன்காரன் கேட்டான், நாம விடலையே. சந்தோசந்தான?"

"எங்களக் கேட்டீகளாய்யா?"

"ஒங்க மொதலாளி சம்மதிச்சாச்சுல்ல? இந்தா, பக்கத்துலதான இருக்காரு."

பத்திரகாளி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவதில் மும்முரமாக இருந்தார். முனிசிபாலிட்டியை விட ஊர்ப் பஞ்சாயத்தில் கம்பெனிக்கு வரி குறைச்சல். அவர் சம்மதத்துக்கு விலை அவ்வளவுதான்.

"அப்புறம் அந்தக் கெணறு" என்று தொடர்ந்தார் தலைவர். "இனி அது பொதுக் கெணறு. கரெண்டு மோட்டார் வச்சுக் குழா போட்டு இங்கன கொண்டாரப் போறோம். ஒங்களுக்கும் ஒரு நேரம் தண்ணி விடுவோம், கவலப்படாத."

"எங்க கெணத்துத் தண்ணிய எங்களுக்கு ஒரு நேரம் விடுவீக."

"கோவப்படாதத்தா. ஊரோட ஒத்துப் போகணும்ல."

"குழா எந்தத் தெருவுக்குய்யா வருது?"

"பெரிய தெருவுக்குத்தான்."

"நாங்க செருப்புப் போட்டு நடக்கக் கூடாத தெருவுக்கு" என்றாள் பொன்னுத்தங்கம்.

அவள் முதலாளி பக்கம் திரும்பினாள். "மொதலாளி, எம் புருசன் செத்த அன்னைக்கு ஒரு வார்த்த சொன்னீக. இப்பவும் ஒரு வார்த்த சொல்லுங்க."

பத்திரகாளி வெற்றிலையை மடித்து வாயில் வைத்துக்கொண்டார். "இது அரசாங்கக் காரியம் பொன்னுத்தங்கம். நாம என்ன செய்ய? நீ எப்பவும்போலக் காலனியப் பாத்துக்க. அதுல யாரும் கை வைக்கப் போறதில்ல."

இத்தனை வருஷம் தான் ஆண்டதாக நினைத்துக்கொண்டிருந்தது, முதலாளியின் வாசலைக் கூட்டிப் பெருக்கிக் கோலம் போட்டு வைத்த வேலைதான் என்று அந்தக் கணத்தில் அவளுக்குப் புரிந்தது. கோலம் நன்றாக இருக்கிறது, வீட்டை விற்றுவிடலாம் என்று பேசி முடித்திருக்கிறார்கள். ஒரு கும்பிடுகூடப் போடாமல் வெளியே வந்தாள்.

வாசலில் செருப்புகள் கிடந்தன. மற்றப் பெண்கள் குனிந்து கையில் எடுத்தார்கள். பொன்னுத்தங்கம் எடுக்கவில்லை, காலை நுழைத்தாள். நுழைத்துக்கொண்டு பெரிய தெருவில் இறங்கினாள்.

"மதினி, எல்லாரும் பாக்காக" என்றாள் மாரித்தாய்.

"பாக்கட்டும். நீயும் போடு."

மாரித்தாய் தெருவை இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்தாள். ஆனாலும் போட்டாள். ஒவ்வொருத்தியாகப் போட்டார்கள். கடைப்பலகையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். பின்னாலேயே வந்த பத்திரகாளிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்ன கூத்து இது பொன்னுத்தங்கம்?"

அவள் நின்று, தெருவே கேட்கும்படி சொன்னாள். "பலகையப் படிச்சுப் பாருங்க மொதலாளி. காலணின்னு எழுதி நட்டது நீங்கதான். அதப் போட்டுக்கிட்டு நடக்கோம்."

சிரித்தவன் ஒருத்தனும் அன்றைக்குச் சிரிக்கவில்லை. பெண்கள் செருப்புக் காலோடேயே தெருவைக் கடந்து காலனிக்குப் போனார்கள்.

தெருவில் நடந்தது பெரிய காரியம்தான், ஆனால் கிணறு இன்னும் போகப்போகிற கிணறாகவே இருந்தது. அன்று சாயங்காலம் பொன்னுத்தங்கம் காலனியில் அதுவரை செய்யாத ஒன்றைச் செய்தாள். வீடு வீடாகப் போய், "மோட்டார் கொண்டாரப் போறாக. நான் உத்தரவு போடல, ஒங்களக் கேக்கேன். என்ன செய்யலாம்?" என்றாள். சனத்துக்கு முதலில் விளங்கவில்லை. கவுனரம்மாவாவது கேட்பதாவது? சிலர் பயந்தார்கள். வேலை போனால் திரும்பவும் கருகின மிளகாய்ச் செடியைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான் என்று முனகினார்கள். நியாயமான பயம், அவள் அதைக் கண்டிக்கவில்லை. மாரித்தாய்தான் சொன்னாள்: "இது ஆவணி மாசம் மதினி, தீவாளி நெருங்குது. நம்ம கை இல்லாம மொதலாளிக்குச் சரவெடி பின்னுதது யாரு?"

மோட்டாரை வண்டியில் ஏற்றிக்கொண்டு பஞ்சாயத்து ஆட்கள் வந்த காலையில் கம்பெனிக் கொட்டகைகள் காலியாகக் கிடந்தன. கல்கத்தா லாரிக்காரன் அரைகுறை லோடை வைத்துக்கொண்டு ஹாரன் அடித்துப் பார்த்தான். காலனி மொத்தமும் கிணற்றைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. கோஷம் கிடையாது, கொடி கிடையாது. பெண்கள் பயறு புடைத்தார்கள், தலை வாரினார்கள், ஆம்பிளைகள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். வண்டிக்காரன் மாட்டை அவிழ்த்து நிழலில் கட்டினான்.

பத்திரகாளி காரில் வந்து இறங்கினார். வேட்டி நுனி கரிசல் மண்ணில் புரண்டதுகூடத் தெரியாமல் நடந்து வந்தார். "சீசன் நேரத்துல இப்பிடிக் கழுத்தறுக்கலாமா பொன்னுத்தங்கம்? ஒன்ன நம்பித்தான காலனிய விட்டேன்."

"நானும் ஒங்கள நம்பித்தான் இருந்தேன் மொதலாளி."

"என்ன வேணும் ஒங்களுக்கு? கூலியா?"

"கெணறு எங்களுக்கு வேணும். எங்க காரியத்த எங்களக் கேட்டு முடிவு பண்ணணும். அம்புட்டுத்தான்."

"நான் சொன்னாப் பஞ்சாயத்துக் கேக்குமா?"

"நீங்க சம்மதம் சொன்னப்பக் கேட்டுச்சுல்ல" என்றாள் பொன்னுத்தங்கம்.

பத்திரகாளி லாரி நின்ற திசையைப் பார்த்தார். காரில் ஏறி ஊருக்குப் போனார். சுந்தரபாண்டிக்கும் அவருக்கும் என்ன பேச்சு நடந்ததோ, வெயில் தாழ்வதற்குள் வண்டிக்காரன் மாட்டைப் பூட்டி மோட்டாரோடு திரும்பிப் போனான். ஊர்ப் பெண்களுக்குத் தண்ணீர் வேண்டுமானால் குடத்தோடு வரலாம், முறை பார்த்து நின்று இறைத்துப் போகலாம் என்று காலனி கூடிப் பேசி முடிவு செய்தது. தாகத்தோடு வருகிறவர்களை விரட்டுகிற சனம் இல்லை அவர்கள். வந்தவர்களிடம் செருப்பைக் கழற்று என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

காலனி எந்த எல்லையில் சேரும் என்கிற இழுபறி அப்புறமும் ஓய்ந்தபாடில்லை. டவுன்காரர்கள் மேலே எழுதிப் போட்டார்கள், ஊர்க்காரர்கள் எதிர்த்து எழுதிப் போட்டார்கள். ஆனால் அளக்க வருகிற அதிகாரி யாராக இருந்தாலும் முதலில் கிணற்று மேட்டுக்கு வந்து சனத்தோடு பேசிவிட்டுத்தான் அளவுச் சங்கிலியைப் பிரித்தார். இல்லாவிட்டால் கொட்டகை காலியாகும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

தீபாவளி முடிந்து ஒருநாள், பஞ்சாயத்தில் பலகை எழுதுகிற சங்கையா ஏணியும் பெயிண்ட் டப்பாவுமாக வந்து ரோட்டோரத்துப் பலகையில் ஏறினான். ஊர்க்காரன் என்றாலும் அவனும் பெரிய தெருவில் செருப்பைக் கையில் எடுத்து நடக்கிற வீட்டுப் பையன்தான். பொன்னுத்தங்கம் கீழே வந்து நின்றாள்.

"ஏலே சங்கையா, அங்கன ஏறி என்ன பண்ணுத?"

"மூணு சுழிய அழிச்சு ரெண்டு சுழி போடச் சொன்னாரு தலைவரு. ஊருக்குள்ள நீங்கள்லாம் செருப்போட நடக்கீகள்ல, அதுல இருந்து இந்தப் பலகையப் பாத்தாலே அவருக்குப் பத்திக்கிட்டு வருது கவுனரம்மா."

"அவரு சொன்னாரு சரி. எங்களக் கேட்டாரா?"

சங்கையா பிரஷ்ஷைப் பலகையிலிருந்து எடுத்தான்.

"எறங்குலே. அது அப்பிடியே கெடக்கட்டும். அவுக கையால எழுதினதுதான, தெனமும் போகவர அவுகளே படிக்கட்டும்."

அவன் இறங்கினான். ஏணியைத் தோளில் வைத்து, ஏறும்போது கழற்றிவிட்ட செருப்பைப் பழக்கதோஷத்தில் கையில் எடுத்துக்கொண்டு ஊர்ப்பக்கம் திரும்பினான்.

"கையில எதுக்குலே அது?" என்றாள் பொன்னுத்தங்கம். "கால்ல போட்டுட்டுப் போ."